நரியம்பதி முடியாட்சியின் ஒரு மத்தியானம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நரியம்பதி மாரியம்மன் மீது சத்தியம். அம்மனை ஏற்காதவர்களுக்காக அதே ஊர் அந்தோணியார் மீதும், இருவரையும் ஏற்காத தோழர்களுக்காக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் மீதும் சத்தியம். இதற்கு மேல் சத்தியம் செய்ய நரியம்பதியில் ஆள் பாக்கியில்லை.

முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்ட நாடுகள் பல. பிரான்சுக்காரர்கள் ராஜாவின் தலையை வெட்டிவிட்டு, பிறகு வருத்தப்பட்டு, அவருடைய தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் தலையை வெட்டிவிட்டு மகனைக் கூப்பிட்டார்கள். இந்த இரண்டுக்கும் எள்ளளவும் குறையாத மூன்றாவது மகத்தான முயற்சி, பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில், 1976ஆம் வருஷம் சித்திரை மாதம் நடந்தது. சரித்திரப் புத்தகங்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்கள் பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸில் விழித்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கப்புறம் தூங்கிவிடுகிறார்கள்.

முயற்சியின் தலைவர் ஆறுச்சாமிக் கவுண்டர். மாரியம்மன் கோவில் தர்மகர்த்தா. தம்முடைய சொந்த லாபத்துக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டறியாதவர்; அதற்கெல்லாம் ஆள் வைத்திருந்தார். அந்த ஆட்களில் ஒருவனான மாரப்பன், நிலச் சீர்திருத்தம் வந்தபோது தான் குத்தகைக்கு உழுத வாய்க்கால் வயலுக்குச் சொந்தக்காரனாகி, சிவப்புத் துண்டு போட்டு, பஞ்சாயத்துத் தலைவராகவும் ஆகிவிட்டார். 'ன்' என்று முடிந்துகொண்டிருந்த ஒருவர் ஒரே நாளில் 'ர்' என்று முடிய ஆரம்பித்ததைக் கவுண்டர் வெகு பெருந்தன்மையோடு மன்னித்தார். வயலை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் தேர்.

1974 பங்குனி நோம்பித் திருவிழாவில் அம்மன் தேர் கிளம்பித் தெற்கு வீதி தாண்டி அந்தோணியார் கோவில் முன்னால் வந்தபோதுதான், அன்றைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை என்று தெரிந்தது. வேதக்காரர்கள் உள்ளே ஏசுநாதருக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். "இந்த வளைவு தாண்டற வரைக்கும் கொட்டு வேண்டாமுங்க" என்று வந்து கேட்டார்கள். கொட்டில்லாமல் நகர்ந்தால் அம்மனுக்கு அவமானம் என்றார்கள் இவர்கள். கையை நீட்டிப் பேசுவதற்கு வசதியாக எல்லோரும் தேர்வடத்தைக் கீழே போட்டார்கள்.

மதச் சண்டை பொழுதோடு தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டிக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அப்போதுதான் அரசியல் பிரச்சினை எழுந்தது: கீழே போட்ட வடத்தை யார் முதலில் தொட்டு எடுப்பது?

முதல் வடம் ராஜாவுக்கு உரியது. நரியம்பதி ஸ்வரூபம் என்ற அரச வம்சத்தின் கடைசி ராஜாவான வலிய தம்புரான் காலமான பிறகு, ராஜாவின் சார்பில் ஆறுச்சாமிக் கவுண்டர் தொட்டுவந்தார். இந்தத் தடவை மாரப்பன் முன்னால் வந்து நின்றார்.

"தெய்வம் கெடையாதுங்கறது கட்சி நெலபாடு" என்றார் அவர். "ஆனா வடம் பொதுமக்களோடது. பொதுமக்கள் சார்புல நான் தொடறனுங்க, தோழர் கவுண்டரே."

"தெய்வமே இல்லீன்னா தேரை எதுக்குடா தொடற?"

"இல்லாத தெய்வத்தோட தேரை நீங்க மட்டும் எதுக்குங்க தொடோணும்?"

இத்தகைய உயர்ந்த தத்துவ விசாரம் நடக்கும் இடத்தில் நாலு பேருக்கு மண்டை உடைவது இயல்பு. உடைந்தது. ஆர்.டி.ஓ. வர்மா ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, 'மறு உத்தரவு வரும்வரை தற்போதைய நிலை தொடர வேண்டும்' என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அரசாங்க உத்தரவுகளில் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது அநேகமாக இது ஒன்றுதான். தேர் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குக் காவலாக வந்த குருசாமி என்ற போலீஸ்காரர் முதல் மாதம் நின்றார். இரண்டாம் மாதம் உட்கார்ந்தார். பிறகு தேரின் மரக் குதிரை மீது சட்டையைக் காயப்போட்டுவிட்டு அடியில் பாய் விரித்துக்கொண்டார். பொள்ளாச்சி பஸ் தேரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகி, அந்த இடத்துக்குத் 'தேர் ஸ்டாப்' என்று பெயரும் வந்துவிட்டது.

இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, கம்பம் ஒன்றைத் தவிர.

நோம்பி தொடங்கும்போது கோவில் முன்னால் மூன்று கிளையுள்ள கம்பத்தை நட்டு, தர்மகர்த்தா கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். தேர் நிலைக்குத் திரும்பிக் கம்பத்தைப் பிடுங்கும்வரை ஊரில் கல்யாணம் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் இது இரண்டு வாரத்துச் சங்கதி. நரியம்பதியில் மூன்றாம் வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பெண்கள் தினமும் பக்தியோடு தண்ணீர் ஊற்றியதில் கம்பம் துளிர்த்து, கிளைவிட்டு, காக்கை கூடு கட்டும் அளவுக்கு மரமாகிவிட்டது. ஊர்க் குழந்தைகளில் பலர் கடுகு என்ற பொருளை விதையாக மட்டுமே அறிந்திருந்தார்கள்.

கம்பம் வேதக்காரர்களைக் கட்டாது. ஆகவே அந்தோணியார் கோவிலுக்குப் பக்கத்தில் மதலேனம்மாள் போட்ட வடைக் கடை, மத நல்லிணக்கத்துக்கு அந்த வட்டாரத்திலேயே தலைசிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியது. கொட்டு வேண்டும் என்று மண்டை உடைந்தவர்களும் அங்கே வந்து வடை வாங்கினார்கள்.

"ஆண்டவர் யார் பக்கம்னு எனக்குத் தெரியாதுங்க" என்பாள் மதலேனம்மாள். "எண்ணெச் சட்டி எங்க பக்கம். தேரு மெதுவாவே போகட்டுமுங்க. என்ன அவசரம்?"

அவசரம் ஒரே ஒரு ஆளுக்கு இருந்தது. கவுண்டரின் மகள் ராமாத்தாளுக்கு.

தேர் நின்ற வருஷம் தையில்தான் அவளுக்கு உடுமலைப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவர்கள் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, "வர்ற வைகாசி தாண்டுனா நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடுமலையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால், தாரை வார்க்க வேண்டிய அப்பன் கையில் காப்பு. அவர் எல்லை தாண்ட முடியாது.

"ஏனுங்கப்பா, அந்தக் கயித்த மாரப்பண்ணனே தொட்டுட்டுப் போகட்டுமே. கயிறு என்னங்க, தேஞ்சா போயிரும்?" என்றாள் ராமாத்தாள்.

"கயிறு தேயாது அம்மிணி. வம்சம் தேஞ்சுரும்."

"வம்சம் வரோணும்னா மொதல்ல எனக்குக் கண்ணாலம் ஆவோணுமுங்க."

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று கவுண்டருக்குத் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெளியே போனவருக்குத் தேரைப் பார்த்ததும் ஞானம் பிறந்தது. மாரப்பன் தொட்டால் அவமானம். தாம் தொட்டால் கலவரம். ராஜாவே வந்து தொட்டால்? ராஜா எதிரில் யார் வாய் திறப்பான்? தேர் நகரும், கம்பம் போகும், வைகாசியில் கல்யாணம். ராஜா வந்த கையோடு நிலச் சட்டத்தையும் ரத்து செய்துவிட்டால் வாய்க்கால் வயலும் திரும்பும். மகளின் கல்யாணத்துக்காகவே அவர் முடியாட்சியை மீட்கத் துணிந்தார். வயல் அதற்குப் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் அது நெருக்கடிநிலைக் காலம். 'நாவடக்கு, பணியெடு' என்று சுவரிலெல்லாம் எழுதிப்போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வரும். சதி செய்வதற்குக் கூட்டம் கூடியாக வேண்டும். கூட்டம் கூடினால் உள்ளே போக வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கவுண்டரின் மைத்துனர் குப்பண்ணன்.

"மச்சா, ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் இன்னைக்கு அனுமதி. அனுமதி என்ன, டீத்தூளே குடுக்கறாங்க."

"என்ன கூட்டமடா?"

"குடும்பக் கட்டுப்பாடுங்க."

மறுநாளே கவுண்டர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற பேனர் ஏறியது. பரம்பரை ஆட்சியை மீட்பதற்காக நடந்த அத்தனை ஆலோசனைகளும், பரம்பரையைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன அந்தப் பேனருக்குக் கீழேதான் நடந்தன. தேர்க்காவல் குருசாமி ஒருநாள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களில் இளையவருக்கே வாயில் பாதிப் பல் இல்லை.

"நீங்கெல்லாம் எதுக்குங்க இதுக்கு வந்திருக்கறீங்க?"

"முன்னெச்சரிக்கைங்க" என்றார் குப்பண்ணன்.

குருசாமி மெய்சிலிர்த்துப்போய், 'நரியம்பதியில் முதியோரும் கலந்துகொள்ளும் குடும்பநலக் கூட்டங்கள்' என்று மேலே தகவல் சொல்லிவிட்டார். சதிகாரர்கள் இதை அப்போது பொருட்படுத்தவில்லை. அவர்கள் ராஜாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வலிய தம்புரான் ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டவர் அல்ல. ஆனால் அவருக்கு வேட்டைப் பிரியம் உண்டு. இடுக்கி மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் அடிக்கடி வேட்டைக்குப் போவார். அங்கே புலி இருந்ததாகத் தகவல் இல்லை. அழகுத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு மகன்.

"ராஜாவோட மகன்னா ராஜாதானுங்க?" என்றார் குப்பண்ணன்.

"இதென்னடா கேள்வி? அப்பன் காடு மகனுக்கு. என்ற காடு எங்கப்பன் காடு. இதுல கேக்கறதுக்கு என்ன கெடக்குது?" என்றார் கவுண்டர்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் அப்பன் காட்டை உழுகிறவர்கள். தலையை வேறு மாதிரி ஆட்டக்கூடிய மலையாளத்துக்காரர் ஒருவரையாவது, ரகசியம் கசிந்துவிடும் என்பதால், அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை.

காப்புக் கட்டிய கவுண்டர் எல்லை தாண்ட முடியாது. ஆகவே குப்பண்ணன் போனார். உடுமலை, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறிக் குமுளி ஏறி வண்டன்மேட்டில் இறங்கி, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கே அடுப்பு வாசலில் உட்கார்ந்திருந்த இளைஞர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததாக அவரே பிறகு சொன்னார்.

"ஏய்யா, வழுக்கிருச்சா?" என்று தூக்கிவிட்டாராம் அந்த ஆள். "யாரத் தேடி வந்தீக?"

"மகாராஜாவைங்க."

"அது எங்க மேஸ்திரி. அவரைத்தான் நாங்க அப்படிச் சொல்றது. சாயங்காலந்தான் வருவாரு."

"இல்லீங். தாங்கதானுங்க மகாராஜா."

"நானா? எம் பேரு பெரியமுத்து. ஸ்டோருக்குத் தீப் போடுறவன். நான் எந்திரிச்சு ராஜாவாகப் போனேன்னா இங்க காய் கருகிப்போகும்."

குப்பண்ணன் வம்ச வரலாற்றை எடுத்துச் சொன்னார். பெரியமுத்து விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"அவுக வருவாகன்னு ஆத்தா சொல்லும். கடைசியா வந்தப்ப ஒரு குடையக் குடுத்துட்டுப் போனாக. அதுவும் ஒழுகும்." கொஞ்சம் யோசித்தார். "சரி, ராஜா வேலைன்னா என்ன வேலை?"

"ஒரு கயித்தத் தொடோணுமுங்க. அவ்வளவுதான்."

"தொட்டா?"

"தொட்டா எங்க மச்சானோட மகளுக்குக் கண்ணாலம் நடக்கும்."

"அட, ஒரு பிள்ளைக்குக் கலியாணமா? அதை மொதல்ல சொல்ல வேண்டாமா? வாரேன்."

யூனியன் செயலாளரிடம் போய், 'ராஜாவாகப் போகிறேன், மூன்று நாள் லீவு வேண்டும்' என்று கேட்டாராம். "நிரந்தர வேலையா, தற்காலிகமா?" என்று மட்டும் செயலாளர் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டாராம்.

ராஜா நரியம்பதி வந்து சேர்ந்தார். கவுண்டர் வீட்டில் ரகசியமாகத் தங்கவைத்து, ஒரு பகல் முழுக்க அவருக்கு ராஜநடை பழக்கினார்கள். தரையில் உட்காரக் கூடாது. பீடியைக் காதில் செருகக் கூடாது. எல்லாவற்றுக்கும் 'சரிங்கய்யா' சொல்லக் கூடாது. "சரிங்கய்யா" என்றார் பெரியமுத்து.

ராமாத்தாள் இலை போட்டாள். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோவிச்சுக்கிறாத. இந்த வீட்டுல கடுகு கெடையாதா?"

"ஊருலயே கெடையாதுங்க. ரெண்டு வருசமாச்சு. தேரு நிக்குதுல்லங்க."

"தேரு நின்னா ரசத்துக்கு என்ன?"

"அதையேதானுங்க நானும் கேக்கறேன்."

"எங்க தோட்டத்துல தேரெல்லாம் கெடையாது. சப்பரந்தான். நாலு பேரு தூக்குனா போச்சு. மழை வந்தா சாமியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடி வந்துருவோம்."

ராமாத்தாள் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலமாகியிருந்ததால், பக்கத்து அறையில் இருந்த கவுண்டர் பாத்திரம் விழுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

அந்தச் சமயம் பார்த்து இடி விழுந்தது. குருசாமி சொன்ன தகவல் படிப்படியாக மேலே ஏறி, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வட்டாரத்திலேயே அதிகம் பாடுபடும் கிராமம் நரியம்பதி என்று முடிவாகிவிட்டது. பரிசு கொடுக்க ஆர்.டி.ஓ. வர்மா நேரில் வருகிறார். முடிசூட்டுக்கு வைத்த அதே நாளில்.

"மச்சா, தள்ளிப் போட்றலாமுங்க" என்றார் குப்பண்ணன்.

"எதைத் தள்ளறது? வைகாசியையா?" என்றார் கவுண்டர். "வரட்டும். அந்த ஆளு போட்ட உத்தரவை அந்த ஆளு கண்ணு முன்னாலயே ராஜா ஒடைக்கட்டும். ராஜா பெருசா, ஆர்.டி.ஓ. பெருசா?"

இந்திய அரசியல் சட்டம் எழுதியவர்கள்கூட இவ்வளவு தெளிவாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை.

மத்தியான வெயிலில் தேரைச் சுற்றி ஊர் கூடியது. மாரப்பன் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வடத்தின் ஒரு நுனிக்குப் பக்கத்தில் நின்றார், யாராவது தொட்டால் தானும் தொட்டுவிடும் தூரத்தில். மதலேனம்மாள் தட்டு நிறைய வடையோடு அந்தோணியார் கோவில் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆர்.டி.ஓ. ஜீப்பிலிருந்து இறங்கினார். பின்னால் பியூன், பரிசான நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டைச் சாமியைத் தூக்குவது போலத் தூக்கி வந்தான்.

கவுண்டர் அந்தப் பக்கெட்டைப் பார்க்கவேயில்லை. கையைத் தட்டினார். தேருக்குப் பின்னாலிருந்து, கவுண்டரின் கல்யாணப் பட்டு வேட்டியில், மார்பு நிறைய மாலையோடு, பெரியமுத்து வெளிப்பட்டார். காதில் பீடி இல்லை. வலிய தம்புரானின் மூக்கு அப்படியே இருந்தது.

"நரியம்பதி மகாராஜா வந்துட்டாங்க!" என்று முழங்கினார் கவுண்டர். "வலிய தம்புரானோட ஒரே மகனுங்க. இனி உத்தரவு போடறதெல்லாம் இவுங்கதான். மகாராஜா, வடத்தைத் தொடுங்க!"

"நில்லு" என்றார் ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பெரியமுத்துவைச் சுற்றி வந்து பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. "அம்மாவன்றெ மகனா! வேட்டைக்குப் போன எடத்தில ஒரு மகன் உண்டுன்னு அம்ம பறஞ்சு கேட்டிருக்கேன். சுகம்தானே?"

"சுகந்தாங்கய்யா" என்றார் பெரியமுத்து.

கவுண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மாவன்னா... தங்களோட தாய்மாமனுங்களா வலிய தம்புரான்?"

"பின்னே? கவுண்டரே, உங்க ஆளுகளில அப்பன் கழிஞ்சா மகன். எங்க தறவாட்டில மகனுக்கு ஒண்ணும் கிட்டாது. சகோதரியோட மகனாக்கும் ராஜா."

"அப்ப வலிய தம்புரானுக்குச் சகோதரி..."

"ஒருத்தி. என்றெ அம்ம."

"அவிகளுக்கு மகன்..."

"ஒருத்தன்தான்."

"அவுங்க இப்ப எங்கீங்க இருக்கறாங்க?"

"இப்போதான் ஜீப்பில வந்து எறங்கினான்" என்றார் ஆர்.டி.ஓ.

நரியம்பதியில் அன்றைக்கு நிலவிய அமைதியில் மதலேனம்மாளின் எண்ணெய்ச் சட்டி தெருவில் இருந்தே கேட்டது. பிறகு ஊர் ஒரே ஆளாகக் கீழே குனிந்தது. கவுண்டர் விழுந்தார். குப்பண்ணன் பழக்கதோஷத்தில் முதலில் பெரியமுத்து பக்கம் விழுந்து, படுத்த வாக்கிலேயே திசையைத் திருத்திக்கொண்டார். மாரப்பன் தோளிலிருந்த சிவப்புத் துண்டு எப்படி இடுப்புக்கு இறங்கியது என்பதை யாரும் கவனிக்கவில்லை, மாரப்பனும் கவனிக்கவில்லை. "கட்சி நெலபாடு வேறீங்க, தம்புரானே. இது பழக்கமுங்க" என்று மட்டும் சொன்னார்.

"தம்புரானே!" என்றார் கவுண்டர், மண் ஒட்டிய முகத்தோடு. "வடத்தைத் தொட்டுக் குடுங்க. என்ற மகளுக்கு வைகாசியில கண்ணாலமுங்க."

ஆர்.டி.ஓ. வெகு நேரம் சிந்தித்தார். சிந்திக்கும்போது இரண்டு பேர் சிந்திப்பது போல இருந்தது.

"ராஜாங்கற நெலையில வடம் தொட எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா ஆர்.டி.ஓ.ங்கற நெலையில அதைத் தடுக்காம இருக்க எனக்கு நிவிர்த்தி இல்ல, வழியே இல்ல. நான் தொட்டா நான் என்னை அறெஸ்ட் செய்யணும். அதும் இந்த நெருக்கடிக் காலத்தில."

"அந்த உத்தரவை ராஜா ரத்து பண்ணப்படாதுங்களா?"

"ராஜாவுக்கு அதிகாரமில்ல."

"அப்ப ஆர்.டி.ஓ. ரத்து பண்ணப்படாதுங்களா?"

"எந்த அடிஸ்தானத்தில, எந்த ஆதாரத்தில? ராஜா இருக்கற எடத்தில ஒரு ஆர்.டி.ஓ. மூத்த ஆளை மறிகடந்து, மீறிச் செய்யறது மரியாதையா?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய வக்கீல் பாலக்காட்டிலும் இல்லை, கோயம்புத்தூரிலும் இல்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் ஆர்.டி.ஓ. "முடியாட்சிக்குச் சதி செஞ்சதுக்கு உங்களையெல்லாம் உள்ளே போட வேண்டியது. ராஜா நானாயிட்டதால எனக்குப் பரிபவம் இல்ல, மனவருத்தம் இல்ல."

அந்தக் கருணையில் ஊர் நெகிழ்ந்தது. பரிவட்டம் கட்டிக்கொள்வதற்கு மட்டும் சட்டத்தில் தடையில்லை என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார். பெரியமுத்துவுக்காக மடித்து வைத்திருந்த பட்டை எடுத்து அவர் தலையில் கட்டினார்கள். மாலையைக் கழற்றி மாற்றிப் போட்டார்கள். தேங்காய், பழம், மதலேனம்மாளின் வடை எல்லாம் ஜீப்பில் ஏறின. பதிலுக்கு அவர் நீலப் பக்கெட்டைக் கவுண்டர் கையில் கொடுத்து, "இனி எல்லாம் கட்டுப்பாட்டோட நடக்கட்டும்" என்று ஆசீர்வதித்தார். ஜீப் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "தற்போதைய நிலை தொடரட்டும்" என்றார். ராஜாவாகச் சொன்னாரா, ஆர்.டி.ஓ.வாகச் சொன்னாரா என்று அன்று மாலைவரை ஊரில் பட்டிமன்றம் நடந்தது. எப்படியும் உத்தரவு ஒன்றுதான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மாலையும் இல்லாமல், கூட்டமும் இல்லாமல், பட்டு வேட்டியோடு வடத்தின் பக்கத்தில் நின்ற பெரியமுத்து, "அப்ப நான் போகட்டுமாங்கய்யா? ஸ்டோர்ல தீ கெடக்கு" என்றார். அவர் ராஜாவாக இருந்த நேரத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவள் ஒருத்தி மட்டும்தான் பதில் சொன்னாள்: "சாப்ட்டுட்டுப் போங்க."

கவுண்டர் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் தோல்வியே இல்லை.

"பாத்தியா அம்மிணி! ராஜா சாட்சாத் நம்ம ஊருக்கு வந்து பரிவட்டம் கட்டிக்கிட்டாரு. மாரப்பன் துண்டை இடுப்புல கட்டுனான், பாத்தியல்ல? அவன் வடத்தைத் தொடல!"

"நீங்களும் தொடலீங்களேப்பா."

"அவன் தொடல!"

"வைகாசிங்கப்பா?"

கவுண்டர் பக்கெட்டைக் கீழே வைத்தார். "இப்ப என்ன அவசரம்? உடுமலைக்காரன் போனா இன்னொருத்தன். அடுத்த பங்குனிக்குள்ள பாத்துக்கலாம்."

மறுநாள் காலையில் தேர் ஸ்டாப்பில் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றபோது, பெரியமுத்துவுக்குப் பின்னால் ராமாத்தாளும் ஏறினாள். கையில் ஒரு துணிப்பை.

தேருக்கடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த குருசாமி, "எங்கீங்கம்மிணி இவ்வளவு காலைல?" என்று கேட்டார்.

"கடுகு வெடிக்கற ஊருக்குங்க" என்றாள்.

தகவல் தெரிந்து கவுண்டர் ஓடினார். அந்த வயதில் யாரும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். குறுக்கே மாரப்பனின் வாய்க்கால் வயலில் இறங்கி, நெல்லை மிதித்துக்கொண்டு, பஸ் வளைந்து வருவதற்கு முன்னால் எல்லைக்கல்லுக்கு வந்து சேர்ந்தார். பஸ்ஸும் வந்தது. டிரைவர் நரியம்பதிக்காரர், நிறுத்தினார், கல்லைத் தாண்டி நாலு அடி தள்ளி.

ராமாத்தாள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏறுங்கப்பா. வந்து தாரை வாத்துக் குடுத்துட்டு வாங்க. நாலு அடிதானுங்க."

கவுண்டர் தம் கையிலிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கொஞ்ச நேரம் ஆகாயத்தில் நின்றது. பிறகு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

டிரைவர் மெதுவாகத்தான் கிளப்பினார்.

நரியம்பதியின் ஒரே ராணி இப்போது வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். குமுளியில் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் சார்பில் வந்தவர் குப்பண்ணன் மட்டும். அவர் கையில் காப்பு இல்லை. ஆறுச்சாமிக் கவுண்டர் பேத்தி பிறந்த செய்தியையும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டார். பெற்ற மகளைவிட ஊர்க் கட்டுப்பாடு பெரிது என்று நின்ற அந்த மகானைப் பற்றி நோம்பி மேடைகளில் பேசாதவர்கள் இல்லை; மாரப்பனே இரண்டு தடவை பேசியிருக்கிறார். அவர்கள் விட்டுவிட்ட தகவல் ஒன்றே ஒன்று. ஆறுச்சாமிக் கவுண்டருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷமும் தேர் அச்சு முறிந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அன்றைய தர்மகர்த்தாவான அவருடைய அப்பா, மறுநாள் காலையிலேயே காப்பை அவிழ்த்து, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, பந்தல் போட ஆள் அனுப்பினார்.